உன்பெடிங்ட்: 'வேண்டும்' இருக்கும் இடத்தில் வரும் ஜெர்மன் சொல்

ஜெர்மனியில் ஒருவர் உங்களிடம் ஒரு ஊரையோ உணவையோ சினிமாவையோ மனதாரப் பரிந்துரைத்தால், அந்த வாக்கியத்தில் பெரும்பாலும் ஒரு சொல் வந்து உட்கார்ந்துகொள்ளும்: உன்பெடிங்ட். "டூ முஸ்ட் டேன் கெல்னர் டோம் உன்பெடிங்ட் ஸேயென்!" என்பார் கொலோன் நகரத்து நண்பர். எங்க ஊர்ப் பேராலயத்தை நீ பார்த்தே ஆகணும் என்கிறார். 1248-இல் கட்டத் தொடங்கி 1880-இல் முடித்த ஆலயம் அது. உயரம் 157 மீட்டர். தெற்குக் கோபுரத்தில் ஏறினால் 533 படிகள். நடுவில் கிட்டத்தட்ட 300 ஆண்டுகள் வேலை நின்றுபோயிருந்தது என்பதை மட்டும் அவர் சொல்லாமல் விடலாம்.

ஜெர்மன் படிக்கத் தொடங்கிய தமிழர்கள் இந்தச் சொல்லைக் கேட்டதும் நோட்டில் 'கண்டிப்பாக' என்று எழுதிக்கொள்கிறார்கள். இலங்கைத் தமிழர் என்றால் 'கட்டாயம்' என்று எழுதுவார்கள். கொலோன் நண்பரின் வாக்கியத்துக்கு இது சரியாகத்தான் பொருந்துகிறது. சிக்கல் அடுத்த நாள் வரும். யாரோ விருந்துக்கு அழைக்கிறார்கள். "நாளைக்குக் கண்டிப்பா வரேன்" என்று சொல்ல வேண்டும். நோட்டில் இருப்பதை நம்பி "இஹ் கோமெ மோர்கென் உன்பெடிங்ட்" என்கிறோம். எதிரில் இருப்பவருக்கு விஷயம் புரிந்துவிடும், ஆனால் காதில் ஏதோ உறுத்தும். ஒரு ஜெர்மன்காரர் அப்படிச் சொல்ல மாட்டார். "இஹ் கோமெ அவுஃப் யேடென் ஃபால்" என்பார். 'அவுஃப் யேடென் ஃபால்' என்றால் எப்படியிருந்தாலும், எது நடந்தாலும் என்று அர்த்தம்.

ஏன் ஒரு 'கண்டிப்பாக' செல்லுபடியாகிறது, இன்னொன்று ஆகவில்லை? விடை சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. பெடிங்குங் என்றால் நிபந்தனை. பெடிங்ட் என்றால் நிபந்தனைக்கு உட்பட்ட. அதன் முன்னால் 'உன்' சேர்ந்தால், தமிழில் 'அ' சேர்ந்து நீதி அநீதி ஆவது போல, எதிர்ப்பொருள் வந்துவிடும். ஆக உன்பெடிங்ட் என்பது நிபந்தனை இல்லாமல். நேரம் இருந்தால் பார், காசு மிஞ்சினால் வாங்கு, வழியில் இருந்தால் எட்டிப் பார் என்று நாம் பரிந்துரைகளோடு ஒட்டும் 'ஆல்'களை எல்லாம் வெட்டி எறிந்துவிட்டுச் சொல்வது.

இந்தக் குடும்பத்துக்கு இன்னும் பழைய வேர் ஒன்று உண்டு. டிங் என்றால் இன்றைய ஜெர்மனில் பொருள், சாமான். பழைய ஜெர்மானிய மொழிகளில் அது ஊர் கூடி வழக்குப் பேசும் சபை. ஐஸ்லாந்து நாடாளுமன்றத்தின் பெயரான ஆல்திங்கிலும் டென்மார்க் நாடாளுமன்றத்தின் பெயரான ஃபோல்கெடிங்கிலும் இருப்பது அதே சொல்தான். சபையில் பேரம் பேசி ஒத்துக்கொண்ட விதிகள் பிறகு நிபந்தனைகள் ஆயின. பேரத்துக்கு இடமில்லாதது உன்பெடிங்ட் என்று வைத்துக்கொண்டால் தப்பில்லை.

நிபந்தனை எதற்குப் போட முடியும்? செய்ய வேண்டிய காரியத்துக்குப் போடலாம், வேண்டும் என்கிற ஆசைக்கும் போடலாம். அங்கேதான் இந்தச் சொல் வேலை செய்கிறது. இனி என்ன நடக்கும் என்று ஊகிக்கும் வாக்கியத்தில் அதற்கு வேலை கிடையாது. தமிழ் பேசுகிறவருக்கு இதைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல வசதி இருக்கிறது. கட்டாயத்துக்கும் ஆசைக்கும் ஜெர்மனில் வெவ்வேறு வினைச்சொற்கள்: கட்டாயத்துக்கு ம்யூஸ்ஸென், செய்வது நல்லது என்பதற்கு ஸொல்லென், ஆசைக்கு வொல்லென், தேவைக்கு ப்ரௌஹென். தமிழிலோ இந்த நாலுக்கும் 'வேண்டும்' ஒன்றே போதும். போக வேண்டும், போனால் நல்லது என்ற பொருளிலும் போக வேண்டும், போக வேண்டும் போல இருக்கிறது, காசு வேண்டும். அதனால் சோதனை இப்படி: நீங்கள் சொல்ல வந்ததைத் தமிழில் 'வேண்டும்' போட்டுச் சொல்லிப் பாருங்கள். பொருந்தினால் உன்பெடிங்ட் வரும். பொருந்தாவிட்டால் வேறு சொல்லைத் தேடுங்கள். பாடநூல்களில் இந்த வழியைக் காண முடியாது. அவை தமிழர்களை நினைத்து எழுதப்பட்டவை அல்ல, பாவம்.

சோதித்துப் பார்ப்போம். "இஹ் ப்ரௌஹெ உன்பெடிங்ட் ஊர்லௌப்." எனக்கு லீவு வேண்டும், வேண்டவே வேண்டும். பொருந்துகிறது. "ரூஃப் மிஹ் உன்பெடிங்ட் அன்!" எனக்கு போன் பண்ண மறந்துடாதே. இங்கே வேண்டும் வெளியே தெரியவில்லை, ஆனால் எந்தக் கட்டளைக்குள்ளும் அது ஒளிந்திருக்கும்: போன் பண்ண வேண்டும் என்பதுதானே சேதி. வீட்டு கேட்டுகளில் தொங்கும் பலகை, "ஐன்ஃபார்ட் உன்பெடிங்ட் ஃப்ரைஹால்டென்", அதாவது வாசலை மறித்து வண்டி நிறுத்தாதீர்கள் என்பதும் இதே ரகம். "மழை கண்டிப்பா வரும்" என்பதில் வேண்டும் எங்கும் நுழையாது. மழை வர வேண்டும் என்றால் அது வேறு செய்தி, வேண்டுதல். ஆகவே அங்கே உன்பெடிங்ட் கூடாது. "எஸ் ரேக்னெட் பெஷ்டிம்ட்" என்று பெஷ்டிம்ட் போட வேண்டும். ஸிஹர் என்றாலும் சரிதான்.

"நாளைக்குக் கண்டிப்பா வரேன்" என்பது வாக்குறுதி. அதிலும் வேண்டும் இல்லை. உன்பெடிங்ட் போட்டுத்தான் பேசுவேன் என்று பிடிவாதம் பிடித்தால் வாக்கியத்தை மாற்ற வேண்டியதுதான்: "இஹ் வில் உன்பெடிங்ட் கோமென்." இப்போது வாக்குறுதி ஆசையாக மாறிவிட்டது. எப்படியாவது வர வேண்டும் என்று இருக்கிறது எனக்கு, என்கிறோம். கேட்பவருக்கு இது இன்னும் சந்தோஷமாகக்கூட இருக்கலாம்.

வொல்லெனோடு சேரும்போது இச்சொல்லுக்குக் கொஞ்சம் அடம் ஏறும் என்பதையும் கவனிக்க வேண்டும். "ஏர் வொல்ட்டெ உன்பெடிங்ட் மிட்கோமென்." அவன் கூட வந்தே தீருவேன் என்று நின்றான். சொல்கிறவரின் குரலைப் பொறுத்து அது பாராட்டாகவும் இருக்கும், சலிப்பாகவும் இருக்கும். கேள்வியில் வந்தால் பெரும்பாலும் சலிப்புத்தான். "முஸ் டஸ் உன்பெடிங்ட் யெட்ஸ்ட் ஸைன்?" இதை இப்பவே செஞ்சாகணுமா? அதற்கு வரும் பதிலும் பிரபலம்: "நா கூட், வென் எஸ் உன்பெடிங்ட் ஸைன் முஸ்." செஞ்சுதான் ஆகணும்னா சரி, என்ன பண்றது. மனமில்லாமல் ஒத்துக்கொள்வதற்கு ஜெர்மனில் இதைவிடப் பொருத்தமான வாக்கியம் குறைவு. நாம் இதையெல்லாம் வினைச்சொல்லின் வாலில் ஒரு 'ஏ'யை ஒட்டியே முடித்துவிடுகிறோம். பார்த்தே ஆக வேண்டும், வந்தே தீருவேன் என்பதில் இருக்கிற அந்த ஏகாரத்தை அவர்கள் தனிச் சொல்லாக நடுவில் வைக்கிறார்கள்.

பரிந்துரைக்கு வருவோம். நண்பர் "டூ முஸ்ட்" என்று முஸ்ட் போடுகிறாரே, இது கட்டளை அல்லவா என்று தயங்க வேண்டாம். நெருங்கியவர்கள் பேசும்போது 'முஸ்ட் உன்பெடிங்ட்' என்பது உற்சாகம் மட்டும்தான். நீங்கள் பேராலயத்தைப் பார்க்காமல் ஊர் திரும்பினாலும் யாரும் கணக்குக் கேட்கப் போவதில்லை. பரிந்துரையைக் கேட்டு வாங்கும்போதும் இது உதவும். இந்தப் படத்தைப் பார்க்கலாமா என்று கேட்டால் ஒரே சொல்லில் பதில் வரும்: "உன்பெடிங்ட்!" ஒருநாள் சந்திப்போமா என்று கேட்டாலும் "யா, உன்பெடிங்ட்!" சந்தித்தே ஆகணும் என்ற பொருளில்.

மரியாதை கூடிய இடத்தில் நிலைமை தலைகீழ். அங்கே வினை மென்மையாகிவிடும், ஆனால் செய்தி கனமாக இருக்கும். டாக்டர் உங்களைப் பரிசோதித்துவிட்டு "ஸீ ஸொல்ட்டென் டஸ் உன்பெடிங்ட் அப்க்ளேரென் லஸ்ஸென்" என்கிறார். நீங்கள் இதை என்னவென்று மேற்கொண்டு பார்த்துவிடுவது நல்லது, என்பது போல ஒலிக்கிறது. ஸொல்ட்டென் என்ற வினையை மட்டும் கவனித்தவர் 'நல்லதுன்னு சொன்னார், சரி, பிறகு பார்க்கலாம்' என்று இருந்துவிடுவார். அது ஆபத்து. ஸொல்ட்டென் அங்கே மரியாதைக்காக வந்தது. அவர் உண்மையில் சொல்ல வந்த அழுத்தம் முழுவதும் உன்பெடிங்டில் இருக்கிறது. அந்தச் சொல் டாக்டர் வாயிலிருந்தோ, வரி ஆலோசகர் வாயிலிருந்தோ, வண்டி மெக்கானிக் வாயிலிருந்தோ வந்தால் தள்ளிப் போடாதீர்கள்.

இனி இந்தச் சொல்லின் இன்னொரு முகம். என் கணக்கில் முதல் முகத்தைவிட இதுதான் அன்றாடப் பேச்சில் அதிகம் தேவைப்படும். முன்னால் 'இல்லை' என்று மறுக்கும் நிஹ்ட் சேர்ந்து நிஹ்ட் உன்பெடிங்ட் ஆகும்போது அழுத்தம் முழுவதும் காணாமல் போய்விடும். "டஸ் முஸ் நிஹ்ட் உன்பெடிங்ட் ஸைன்." அப்படி இருந்துதான் ஆக வேண்டும் என்றில்லை. "டாய்ர் இஸ்ட் நிஹ்ட் உன்பெடிங்ட் கூட்." விலை அதிகம் என்றால் தரமாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. பாருங்கள், இரண்டிலும் தமிழில் 'வேண்டும் என்றில்லை' வந்துவிட்டது. நம் சோதனை இங்கேயும் பிழைத்துக்கொள்கிறது. 'கண்டிப்பாக இல்லை' என்று மொழிபெயர்த்தால் அர்த்தமே புரண்டுவிடும். கண்டிப்பாக இல்லை என்பது திட்டவட்டமான மறுப்பு. நிஹ்ட் உன்பெடிங்ட் என்பது கதவைப் பாதி திறந்து வைக்கும் பதில்.

அப்புறம், ஜெர்மானியர்கள் நேரடியாகப் பேசுகிறவர்கள், முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்கள் என்று ஒரு பேச்சு உண்டல்லவா? அதை அப்படியே நம்பிவிட வேண்டாம் என்பதற்கும் இந்த ஜோடியே சாட்சி. "டஸ் வார் நிஹ்ட் உன்பெடிங்ட் டீ பெஸ்டெ இடே" என்று மேலதிகாரி சொன்னால், அது மிகச் சிறந்த யோசனை என்று சொல்லிவிட முடியாது என்பது சொற்பொருள். அவர் மனதில் இருப்பது: மோசமான யோசனை. "நிஹ்ட் உன்பெடிங்ட் மைன் கெஷ்மாக்" என்று ஒருவர் உங்கள் திரைச்சீலையைப் பார்த்துச் சொன்னால், அவருக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. சொல் மென்மையாகிவிட்டதே என்று நிம்மதி அடைய ஒன்றுமில்லை.

அப்படியானால் 'கண்டிப்பாகச் செய்யாதே' என்பதை எப்படிச் சொல்வது? உன்பெடிங்ட் நிஹ்ட் என்று வரிசையைத் திருப்பிப் போட்டால் ஆகாது. அது பழகிய ஜெர்மன் இல்லை. "அவுஃப் கைனென் ஃபால்" என்று ஒரு தனித் தொடர் இருக்கிறது, எந்தச் சூழ்நிலையிலும் கூடாது என்பதற்கு. இந்த வாய்ப்பைத் தவறவிடாதே என்பதற்கு அதைத்தான் போடுவார்கள். மறுப்புப் பொருள் வினையிலேயே இருந்தால் மட்டும் உன்பெடிங்ட் தாராளமாக வரும்: உன்பெடிங்ட் ஃபெர்மைடென், முற்றிலும் தவிர்க்க வேண்டும். அங்கே நிஹ்ட் இல்லை, அதனால் சண்டையும் இல்லை.

அழுத்திப் பரிந்துரைக்க வேறு சொற்களும் உண்டு. டிரிங்கென்ட் அவற்றில் முக்கியமானது. டிரிங்கென்டில் அவசரம் இருக்கும், கடிகாரம் ஓடும். கழிப்பறைக்குப் போக வேண்டிய நெருக்கடியில் டிரிங்கென்ட் என்பார்கள். கொலோன் பேராலயத்தைப் பார்க்க எந்த நெருக்கடியும் இல்லை, அடுத்த வருடம் பார்த்தாலும் அங்கேயே இருக்கும், எனவே உன்பெடிங்ட். பரிந்துரைக்கிறேன் என்னும் வினையான எம்ப்ஃபேலெனோடு ஜோடி சேர டிரிங்கென்டுக்குத்தான் பிரியம் அதிகம். அது வந்தால் பரிந்துரையில் எச்சரிக்கையின் வாடை இருக்கும். ஜெர்மன் வெளியுறவு அமைச்சகம் ஆபத்தான நாடுகளைப் பற்றிய பயணக் குறிப்புகளில் 'பயணம் வேண்டாம் என்று அழுத்தமாக ஆலோசனை கூறப்படுகிறது' என்பதற்கு எழுதுவது டிரிங்கென்ட் அப்கெராடென். ஒரு ஹோட்டலையோ ஒரு பல் டாக்டரையோ அன்போடு பரிந்துரைக்கும்போது வேர்ம்ஸ்டென்ஸ் எம்ப்ஃபேலென் என்பார்கள். கதகதப்போடு பரிந்துரைக்கிறேன் என்பது அதன் சொற்பொருள். குளிர் நாடு, கதகதப்புக்கு மதிப்பு அதிகம்.

வாக்கியத்தில் எங்கே வைப்பது என்பது பெரிய தலைவலி இல்லை. வாக்கியத்தின் நடுப்பகுதியில், கடைசி வினைக்கு முன்னால் வைத்தால் பெரும்பாலும் தப்பாகாது. ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்: அவனை, அதை, என்னை போன்ற பிரதிப்பெயர்கள் உன்பெடிங்டுக்கு முன்னால் வந்துவிடும். "டூ முஸ்ட் ஈன் உன்பெடிங்ட் ஸேயென்" என்பதுதான் வழக்கம். முழுப் பெயர்ச்சொல் முன்னாலும் வரலாம், பின்னாலும் வரலாம். வாக்கியத்தின் முதல் இடத்தில் இச்சொல்லை வைப்பது அபூர்வம், தொடக்க நிலையில் அந்த ஆசை வேண்டாம். உச்சரிப்பில் கவனிக்க வேண்டியது கடைசிப் பகுதி. எழுத்தில் ககரம் இருந்தாலும் 'டிங்க்ட்' என்று இடிக்கக் கூடாது. ங் என்று மூக்கில் நிறுத்தி அப்படியே ட்-க்குப் போய்விட வேண்டும்.

நம் சோதனைக்குத் தப்பும் சில இடங்கள் உண்டு. நான் அதற்கு முழு ஆதரவு என்பதற்கு "இஹ் பின் உன்பெடிங்ட் டாஃப்யூர்" என்பார்கள். அதில் வேண்டும் கிடையாது, ஆனால் சரியான ஜெர்மன். இணையதளத்தைத் திறந்ததும் குதிக்கும் குக்கீ அறிவிப்பில் 'உன்பெடிங்ட் எர்ஃபோர்டர்லிஹெ குக்கீஸ்' என்று ஒரு வரி இருக்கும், இவை இல்லாமல் தளம் இயங்காது என்று பொருள். இதை நம் விதிக்குள் அடக்கிவிடலாம்: எர்ஃபோர்டர்லிஹ் என்பதே தேவையான, வேண்டிய என்பதுதானே. வேலை விளம்பரங்களிலும் இதே ஜோடி வரும். ஒரு தகுதிக்குப் பக்கத்தில் உன்பெடிங்ட் எர்ஃபோர்டர்லிஹ் என்று போட்டிருந்தால் அது இல்லாமல் விண்ணப்பித்துப் பயன் குறைவு. ஃபோன் ஃபோர்டைல், அதாவது இருந்தால் நல்லது, என்று போட்டிருந்தால் துணிந்து விண்ணப்பிக்கலாம்.

பெயரடையாக வரும்போது சொல்லின் பழைய அர்த்தம் அப்படியே வெளியே தெரியும். உன்பெடிங்டெஸ் ஃபெர்ட்ரௌயென் என்றால் நிபந்தனையற்ற நம்பிக்கை. இந்தப் பெயரடைக்கு ஒரு கறுப்புப் பக்கம் இருக்கிறது. 1934 ஆகஸ்டில் ஜெர்மன் ஜனாதிபதி ஹிண்டென்பர்க் இறந்ததும் ஜெர்மன் ராணுவ வீரர்கள் நாட்டின் பெயரால் இல்லாமல் ஹிட்லர் என்ற ஆளின் பெயரைச் சொல்லி உறுதிமொழி எடுக்க வைக்கப்பட்டார்கள். அதில் அவர்கள் வாக்களித்தது உன்பெடிங்டென் கெஹோர்ஸாம், நிபந்தனையற்ற கீழ்ப்படிதல். இன்றைய ஜெர்மன் ராணுவத்தின் உறுதிமொழியில் அந்தச் சொல் இல்லை. மனித மாண்பை மீறும் உத்தரவை நிறைவேற்றாவிட்டால் அது கீழ்ப்படியாமை ஆகாது என்று ராணுவ வீரர்களுக்கான சட்டமே சொல்கிறது. நிபந்தனை திரும்ப வந்துவிட்டது.

'உன்' கழன்ற பெடிங்டும் சாதாரணச் சொல் அல்ல. 1962 அக்டோபரில் டேர் ஷ்பீகெல் வார இதழ் மேற்கு ஜெர்மன் ராணுவத்தின் தயார்நிலை பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டது. தலைப்பு பெடிங்ட் அப்வேர்பெரைட். 'நிபந்தனைகளோடு தற்காப்புக்குத் தயார்' என்று சொல்லுக்குச் சொல் பெயர்க்கலாம். படித்தவர்களுக்குப் புரிந்தது வேறு: தயாராக இல்லை. அதே மாத இறுதியில் ஹம்பர்க்கில் இருந்த இதழின் அலுவலகத்துக்குள் போலீஸ் புகுந்தது, வெளியீட்டாளர் ருடால்ஃப் ஔக்ஸ்டைன் 103 நாட்கள் காவலில் இருந்தார், கடைசியில் பதவியை இழந்தது பாதுகாப்பு அமைச்சர் ஃப்ரான்ஸ் யோஸெஃப் ஷ்ட்ரௌஸ். பெடிங்ட் என்று ஒருவரைப் பற்றியோ ஒன்றைப் பற்றியோ சொன்னால் பாராட்டு இல்லை என்பதை ஜெர்மன் பேசுகிறவர்கள் அறிவார்கள். ஒரு வேலைக்கு நீங்கள் பெடிங்ட் கெஐக்னெட் என்று மதிப்பிட்டால், ஓரளவுக்குத்தான் தகுதி என்கிறார்கள்.

வியன்னாவிலும் சூரிச்சிலும் நீதிமன்றச் செய்தி படிப்பவர்களுக்கு இந்த இரண்டு சொற்களும் வேறு வேலையில் தட்டுப்படும். ஜெர்மனியில் நிறுத்திவைத்த தண்டனையை அவுஃப் பெவேருங் என்பார்கள். ஆஸ்திரியாவிலும் ஸ்விட்ஸர்லாந்திலும் அதற்குப் பெயர் பெடிங்ட்: ஒழுங்காக இருந்தால் சிறைக்குப் போக வேண்டாம் என்ற நிபந்தனையோடு கொடுத்த தண்டனை. மூன்று ஆண்டுச் சிறை, அதில் ஓராண்டு உன்பெடிங்ட் என்று போட்டிருந்தால், அந்த ஓராண்டு உள்ளே இருந்துதான் ஆக வேண்டும். யாரும் அவருக்குச் சிறையைப் பரிந்துரைக்கவில்லை.